கடலோரக் காட்டில் அரிய வலசைப் பறவையைத் தேடுவது எப்படி: தோட்டப்புறத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நான் இருப்பது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில். இங்குள்ள பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கிருந்து கோல சிலாங்கூர் கடலோரக் காட்டுக்கு வலசைக் காலம் தவறாமல் போய்வருகிறேன், புதியவர்களையும் கூட்டிப் போகிறேன். அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காட்டுக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான் தேடல் தொடங்குகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வேலை அதற்கு முன்பே வீட்டிலும் தோட்டத்திலும் முடிந்திருக்க வேண்டும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொள்கிறேன்: ஜப்பானிய அரசவால் ஈப்பிடிப்பான். ஜப்பானிலும் கொரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் பறவை இது. நம் தீபகற்பத்தின் வழியாகப் போகும், ஆனால் கண்ணில் படுவது அரிது. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. வேறு பறவையைத் தேடுகிறவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும்.

1. ஒரே ஒரு சிறு காட்டைத் தேர்ந்தெடுங்கள்

பெரிய காட்டில்தான் அரிய பறவை கிடைக்கும் என்பது பலருடைய நினைப்பு. வலசைப் பறவை விஷயத்தில் அது பெரும்பாலும் தலைகீழ்.

இரவெல்லாம் பறந்து வரும் ஈப்பிடிப்பானுக்கு விடியும்போது நிழலும் பூச்சியும் வேண்டும். கோல சிலாங்கூரைச் சுற்றிப் பாருங்கள்: செம்பனை, வயல், வீட்டு மனை, மேற்கே கடல். செம்பனைத் தோட்டத்தில் எல்லா மரமும் ஒரே உயரம். நடுவே புதரும் இல்லை, அடுக்கும் இல்லை, அடியில் மருந்து அடித்திருப்பார்கள். எலி பிடிக்கும் கூகைக்கு அது போதும், அதற்குப் பெட்டிகூடக் கட்டி வைத்திருக்கிறார்கள். கிளைக்குக் கிளை தாவி ஈ பிடிக்கிற பறவைக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே பரந்த நிலப்பரப்பில் இறங்க வேண்டிய பறவைகள் எல்லாம் அந்தக் குறுகிய பச்சைப் பட்டையில் வந்து குவிகின்றன.

புக்கிட் மெலாவத்தி அடிவாரத்தில் 1987இல் திறக்கப்பட்ட இயற்கைப் பூங்காவை நான் பரிந்துரைப்பது இதனால்தான். ஒரு பக்கம் வளர்ந்து வரும் இரண்டாம் நிலைக் காடு, மறுபக்கம் பாக்காவ் மரங்கள் நிறைந்த சதுப்புநிலக் காடு, நடுவே மண்கரை. கரை மேல் நடந்தால் இரண்டு காட்டின் விளிம்பும் கண்ணுக்கு எட்டும். விளிம்பில்தான் வெளிச்சமும் பூச்சியும் சேர்ந்திருக்கும்.

இங்கே நடக்கிற தவறு: ஒரு வாரம் இங்கே, அடுத்த வாரம் தஞ்சோங் காராங், அதற்கடுத்த வாரம் போர்ட்டிக்சன் என்று ஊர் ஊராகச் சுற்றுவது. ஒரே இடத்துக்கு எட்டு முறை போனால்தான், நேற்று இல்லாத ஒன்று இன்று வந்திருப்பது உங்களுக்குத் தெரியும்.

2. நாள்காட்டியில் எட்டு காலைகளைக் குறியுங்கள்

தெற்கே போகும் பயணம் செப்டம்பர் பிற்பகுதியில் சூடு பிடித்து நவம்பர் நடுவரை நீளும். திரும்பும் பயணம் மார்ச்சிலும் ஏப்ரல் முற்பகுதியிலும். என் கணக்கில் தொடங்குகிறவர்களுக்கு அக்டோபர்தான் நல்லது. பல இனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும் மாதம் அது.

இரண்டு காலை ஒதுக்கினால் போதாது. ஒரு பறவை இந்தக் காட்டில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் தங்கக்கூடும். இரண்டு முறை போய்ப் பார்க்காமல் திரும்பியவர்கள் மூன்றாம் முறை போவதில்லை. எட்டு என்று முன்பே முடிவு செய்துவிட்டால் வெறுங்கையோடு திரும்பும் காலையும் கணக்கில் அடங்கிவிடும்.

தீபாவளி பல ஆண்டுகளில் இந்தப் பருவத்தின் நடுவில்தான் வரும். வீட்டில் முறுக்கு, அதிரசம், வெள்ளையடிப்பு என்று வேலை குவிந்திருக்கும். அந்த இரண்டு வாரத்தை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஏழு மணிக்குக் காட்டில் இருந்தால் பத்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பருவம் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள காட்டுக்குப் போக வேண்டியதில்லை. டவுன் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரும். தோட்டத்து வேலியில் பழுப்புக் கீச்சான் வந்து கரகரவென்று கத்தும். அந்தக் கத்தலை முதன்முறையாகக் கேட்ட நாளைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் மற்றவையும் வரத் தொடங்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

பைனாகுலர் எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் வில்லை போதும். பத்து மடங்குக்கு ஆசைப்பட வேண்டாம். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடும், பார்க்கும் பரப்பு குறையும். நிழலான காட்டில் தாவிக்கொண்டே இருக்கும் பறவையை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

நம் ஊர் ஈரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஏர்கோன் போட்ட காரிலிருந்து பைனாகுலரை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும். பத்து நிமிடமாவது எதுவும் தெரியாது. விடியற்காலையில் அந்தப் பத்து நிமிடம் பெரிய இழப்பு. போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏர்கோனை அணைத்து, கார்க் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வீட்டில் பைனாகுலரை சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் ஓராண்டுக்குள் வில்லையின் உட்புறம் பூஞ்சை பிடிக்கலாம்.

சட்டைப் பையில் அடங்கும் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வேண்டும். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். முழுக்கைச் சட்டை, மங்கலான நிறம். கொசு மருந்தை வீட்டிலேயே பூசிக்கொண்டு கையைத் துடைத்துவிடுங்கள். சில மருந்துகள் பைனாகுலரின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும்.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அங்குள்ள குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே தீனி. நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் பிடித்திருந்த ஒரு தம்பியைக் குரங்குக் கூட்டம் கரை முழுக்கத் துரத்தியது. அன்று காலை அந்தப் பக்கம் ஒரு பறவையும் நிற்கவில்லை.

4. முதலில் இருபது பொதுப் பறவைகள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் அவசரம். அப்படித் தாண்டிப் போனால் மற்ற எந்தப் படியும் பயன் தராது.

அரிய பறவை வந்து நிற்கும்போது தன் பெயரைச் சொல்லாது. மற்றவை எல்லாம் உங்களுக்குப் பழகியிருந்தால்தான், பழகாத ஒன்று தனியாகத் தெரியும். அதனால் முதல் மாதம் வீட்டைச் சுற்றியே பழகுங்கள்: கொண்டைக்குருவி, மைனா, மாங்குயில், தேன்சிட்டு, தையல்சிட்டு, செண்பகம், புள்ளிப்புறா, மீன்கொத்தியில் இரண்டு மூன்று வகை. கோயில் பின்புறம், பள்ளித் திடல், தோட்டத்து வாய்க்கால் ஆகிய மூன்று இடங்களிலேயே பன்னிரண்டு இனம் தேறும். குண்டுகரிச்சானின் பாட்டு நம் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கேட்டுப் பழகியதுதான். முராய் கம்போங் என்று மலாய்க்கார நண்பர்கள் சொல்வது அதைத்தான்.

இரண்டு பறவைகளைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். புதியவர்கள் அரசவால் என்று ஓடிவந்து என்னிடம் காட்டியவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டுதான்.

ஒன்று, விசிறிவால் குருவி. கறுப்பு வெள்ளை நிறம், ஓயாத துள்ளல், ஈயைப் பாய்ந்து பிடிப்பது எல்லாம் அரசவாலைப் போலவே இருக்கும். ஆனால் அது வாலை விசிறியாக விரித்து விரித்து மூடும், தாழ்வான புதரிலும் தரையிலும் அதிகம் திரியும்.

இன்னொன்று, துடுப்புவால் கரிச்சான். நீண்ட வால் பறப்பதைப் பார்த்ததும் மனம் துள்ளிவிடும். அதன் உடல் முழுக்கக் கறுப்பு. வால் நுனியில் இரண்டு துடுப்புகள், நடுவில் வெறும் கம்பிபோல இருக்கும். வயிறு வெள்ளையா என்று ஒரு கணம் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி உதவியாக இருக்கும். ஆனால் அது சொல்வதை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

5. முந்தின இரவு வானத்தைப் படியுங்கள்

ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை பறக்கும். காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், பருந்துத் தொல்லை இருக்காது. பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் கிளம்பும், விடியும்போது இறங்கும். இதைப் புரிந்துகொண்டால் எந்தக் காலையில் போக வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

இரவு முழுக்க வானம் தெளிந்து காற்று அமைதியாக இருந்தால் பறவைகள் நம் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும். அன்று காட்டில் புதியது குறைவு.

நள்ளிரவுக்குப் பின், விடியலுக்கு முன் மழை பிடித்தால் நிலைமை வேறு. சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைத் தாண்டி வரும் அந்தப் பலத்த காற்றும் மழையும் மேற்குக் கரையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை அது வரக்கூடும். பாதி வழியில் மழையில் மாட்டிய பறவை முதலில் தென்படும் மரக்கூட்டத்தில் இறங்கும். மூன்று மணிக்கு மழை பிடித்து ஆறு மணிக்கு விட்டிருந்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் ஒத்திவைத்துவிட்டுக் கிளம்புங்கள். என் நோட்டில் உள்ள நல்ல காலைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. முந்தின நாள் மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை இடியும் மழையுமாக இருந்தால், அன்று கிளம்ப வேண்டிய பறவைகள் கிளம்பியிருக்காது. நேற்று அங்கே நல்ல பறவை இருந்தது என்று கேள்விப்பட்டிருந்தால், இன்றும் இருக்க வாய்ப்பு அதிகம்.

வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியையும் மழை ரேடார் படத்தையும் படுக்கப் போகுமுன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண் எரிகிற அளவுக்குப் புகை இருந்தால் போகவே வேண்டாம். பறவையும் தெரியாது, நெஞ்சுக்கும் கேடு.

6. நேரம்

நம் தீபகற்பத்தில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆறே முக்காலுக்கு வாயிலில் இருக்கப் பாருங்கள். பூங்கா திறக்கும் நேரத்தையும் பாதைகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். சதுப்புநிலத்துக்குள் போகும் நடைபலகைகள் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. வாயில் திறக்கவில்லை என்றால் மெலாவத்தி குன்றுச் சாலை மரங்களில் ஆரம்பிக்கலாம். வெள்ளி நிறக் குரங்குகள் இருக்கும் அந்த ஆலும் அத்தியும் பூச்சிகளுக்கும் பிடித்த இடம்.

ஏழே காலிலிருந்து ஒன்பதரைவரை நல்ல நேரம். களைத்து இறங்கிய பறவை முதலில் தின்னத்தான் பார்க்கும். வெயில் ஏறிய பிறகு நிழலுக்குள் ஒடுங்கிவிடும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, நாலு மணிக்கே எழுந்து பால்மரம் வெட்டப் போன தலைமுறைக்கு இந்த நேரக் கணக்கு புதிதில்லை. என் தாத்தா காலையில் பேசும் பறவைகளை வைத்தே மணி சொல்வார்.

மாலையில் நாலரைக்கு மேல் இரண்டாவது வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த நேரத்தில்தான் இடி மின்னலும் வரும். வானம் கறுத்தால் கரை மேல் நிற்காதீர்கள். அந்த வெட்ட வெளியில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான்.

7. நடப்பதைக் குறைத்து உட்காருங்கள்

புதியவர்கள் கைவிடுகிற படி இதுதான். என்னோடு வந்தவர்களில் ஒருவர் இரண்டு மணி நேரத்தில் எல்லாப் பாதையையும் மூன்று முறை சுற்றிவிட்டார். பார்த்தது ஆறு இனம். அதே இரண்டு மணி நேரத்தில் ஒரே வளைவில் உட்கார்ந்திருந்த அக்கா இருபத்து மூன்று எழுதி வைத்திருந்தார்.

காரணம் எளிது. நீங்கள் நடந்தால் பறவை உங்களை முதலில் பார்க்கும். நீங்கள் அசையாமல் இருந்தால் அது அசைவதை நீங்கள் முதலில் பார்ப்பீர்கள். ஈப்பிடிப்பான் ஒரு கிளையில் உட்கார்ந்து, பாய்ந்து, பூச்சியைப் பிடித்து, வேறு கிளைக்குப் போகும். அந்தப் பாய்ச்சல்தான் கண்ணில் படும். நடந்துகொண்டே பார்க்கும்போது எல்லா இலையும் அசைவதுபோல் இருப்பதால் பாய்ச்சல் தனியாகத் தெரியாது.

நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து நிமிடம். அந்த இடத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: காலை வெயில் முதலில் படும் இலைப் பரப்பு, அதற்குக் கீழே நிழலான வெற்றிடம், பக்கத்தில் தேங்கிய தண்ணீரோ காய்த்த அத்தியோ. வெயில் பட்ட இலையில் பூச்சி முதலில் கிளம்பும். வெற்றிடம் இருந்தால்தான் பறவை பாய முடியும். அத்தி இருந்தால் பழத்துக்கு வரும் பூச்சிகளைத் தேடி இதுவும் வரும்.

வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கடல் மேற்கே இருப்பதால் காலையில் சதுப்புநிலக் காட்டைப் பார்த்து உட்காருங்கள், மாலையில் உள்நிலக் காட்டைப் பார்த்து. இதைத் தலைகீழாகச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். கறுப்பாகத் தெரியும் பறவையை ஜப்பானிய அரசவால் என்று நினைப்பது எவ்வளவு எளிது என்று பின்னால் சொல்கிறேன்.

பார்வையை எந்த உயரத்தில் வைப்பது? எல்லாரும் மர உச்சியைப் பார்க்கிறார்கள். அரசவால் அதிகம் இருப்பது நடு அடுக்கில், இரண்டு ஆள் உயரத்திலிருந்து வீட்டுக் கூரை உயரம்வரை. பைனாகுலரைக் கண்ணில் வைத்துத் துழாவாதீர்கள். வெறுங்கண்ணால் அகலமாகப் பாருங்கள். அசைவு தெரிந்ததும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். தலையைக் குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் கிளை தவறிப்போகும். வீட்டு முற்றத்தில் மைனாவை வைத்து ஐம்பது முறை பழகினால் கை தானாகச் செய்யும்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அங்கேதான் பலர் எழுந்துவிடுகிறார்கள். நாம் வந்த சந்தடியில் ஒதுங்கிய பறவைகள் திரும்ப வர அவ்வளவு நேரம் ஆகும்.

8. கூட்டம் வந்தால் கடைசிப் பறவைவரை பாருங்கள்

சிறு பறவைகள் பல இனமாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டே காட்டைக் கடக்கும். மாம்பழச் சிட்டு, தையல்சிட்டு, கதிர்க்குருவி, கரிச்சான் என்று வரிசையாக வரும். வலசை வந்த பறவை, இடம் தெரிந்த உள்ளூர்ப் பறவைகளோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். பல கண்கள் பார்த்தால் பருந்து வருவது முன்பே தெரியும்.

முன்னால் வருபவை சத்தமாக இருக்கும், எல்லாரும் அவற்றிலேயே மயங்கிவிடுவார்கள். ஒவ்வொன்றையும் ஒரு நொடி பார்த்து, தெரிந்தது என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்காம் படியில் பழகியது இங்கேதான் உதவும். கூட்டம் போன பின்பும் இரண்டு நிமிடம் அசையாதீர்கள். பின்தங்கி அமைதியாக வரும் பறவைதான் பல முறை நாம் தேடியதாக இருந்திருக்கிறது.

9. பறவை தெரிந்தவுடன் எதை முதலில் பார்ப்பது

உங்களுக்கு ஐந்து நொடி கிடைக்கலாம், ஐந்து நிமிடமும் கிடைக்கலாம். எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாததால் முக்கியமானதை முதலில் பாருங்கள்.

முதலில் முதுகும் வாலும். நம் காட்டில் மூன்று அரசவால்கள் வரக்கூடும். உள்ளூர்க் காடுகளில் கூடு கட்டும் பிளித் அரசவாலுக்கும், வடகிழக்குச் சீனா, ரஷ்யப் பக்கமிருந்து வரும் ஆமூர் அரசவாலுக்கும் முதுகும் வாலும் செங்கல் நிறம். அவற்றில் உடல் வெண்மையான ஆண்களும் உண்டு. ஜப்பானிய ஆணின் முதுகு ஊதா கலந்த கருஞ்சிவப்பு, நன்கு பழுத்த மங்குஸ்தீன் தோலைப் போல. வால் கறுப்பு. பெட்டைக்கு முதுகு மங்கிய பழுப்பு, சிறகும் வாலும் கரும்பழுப்பு. செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்தால் அது ஜப்பானியது இல்லை.

இரண்டாவது மார்பு. ஜப்பானிய ஆணுக்குத் தலையிலிருந்து மார்புவரை கருமை இறங்கி, வெள்ளை வயிற்றில் வெட்டினாற்போல் முடியும். ஆமூர் ஆணுக்குத் தலையும் தொண்டையும் பளபளக்கும் கறுப்பு, அதற்குக் கீழே மார்பு சாம்பல், இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும். பிளித்துக்கு அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது.

மூன்றாவது கண்ணைச் சுற்றிய நீல வளையம். ஆண் பறவைக்கு அது அகலமாக, அழகாக இருக்கும். ஆனால் மற்ற இரண்டு இனத்துக்கும் நீல வளையம் உண்டு. இதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

வாலின் நீளத்தைக் கடைசியில் வையுங்கள். படத்தில் பார்த்த நீண்ட வாலைத் தேடி வருகிறவர்கள், குட்டை வால் பறவையைக் கண்ணெதிரே விட்டுவிடுகிறார்கள். பெட்டைக்கும் இளம் பறவைக்கும் நீண்ட வால் கிடையாது. இனப்பெருக்க காலம் முடிந்த ஆணும் அதை உதிர்த்துவிட்டு வரலாம்.

இனி முன்பு சொன்ன பொறி. அடர்ந்த நிழலில் செங்கல் நிறமும் கரும்பழுப்பாகத்தான் தெரியும். நானே ஒருமுறை ஜப்பானியது என்று நண்பர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டு, பிறகு படத்தை வெளிச்சமாக்கிப் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக ஒருவர் கிள்ளானிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். வெயில் படும் கிளைக்குப் பறவை ஒருமுறையாவது வரும்வரை பெயர் வைக்காதீர்கள்.

குரலை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். ஜப்பானில் அதன் பாட்டை நிலா, சூரியன், நட்சத்திரம் என்ற சொற்களாகக் கேட்கிறார்கள். அதனால் அங்கே அதற்கு மூன்று ஒளிப் பறவை என்று பெயர். ஆனால் அது கூடு கட்டும் ஊரில் பாடும் பாட்டு. இங்கே கடந்து போகும்போது பெரும்பாலும் சும்மா இருக்கும், எப்போதாவது ஒரு கரகரப்பான அழைப்பு மட்டும் கேட்கும்.

10. புத்தகத்தைத் திறக்கும் முன் எழுதுங்கள்

பார்த்தவுடன் கைப்பேசியின் குரல் பதிவை அழுத்தி, கண்டதைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள்: மணி, இடம், உயரம், முதுகு, வால், மார்பு, வயிறு, என்ன செய்தது. பிறகு படம் எடுங்கள். பிறகுதான் பறவைக் கையேடு.

இந்த வரிசைக்கு வலுவான காரணம் உண்டு. கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்த நொடியே நம் நினைவு அந்தப் படத்துக்கு ஏற்ப மாறத் தொடங்கும். பார்க்காத அடையாளத்தையும் பார்த்ததாக மனம் சேர்த்துக்கொள்ளும். முன்பே சொல்லி வைத்த குரல் மாறாது.

பார்க்காததையும் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். 'வால் மறைந்திருந்தது' என்பதும் நல்ல குறிப்புதான். படம் மங்கலாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். முதுகு நிறம் தெரியும் ஒரு மங்கிய படம், முகம் மட்டும் தெரியும் கூர்மையான படத்தைவிட உதவும்.

11. பறவைக்குத் தொல்லை தராமல்

கடல் தாண்டி வந்த பறவைக்கு அந்தக் காலை உணவுதான் அடுத்த இரவுக்கான எரிபொருள். அதனால் மூன்று விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. குரலை ஒலிபரப்பி அழைக்கக்கூடாது. படத்துக்காகப் புழுவைக் கம்பியில் குத்தி வைக்கக்கூடாது. பாதையை விட்டு இறங்கித் துரத்தக்கூடாது. நல்ல படம் கிடைக்கும் என்று சொல்லித்தான் மூன்றையும் செய்கிறார்கள். கிடைக்கலாம், ஆனால் அந்த விலையை நாம் கொடுப்பதில்லை, பறவை கொடுக்கிறது.

தோட்டத்து ஓரத்தில் தேடுவதாக இருந்தால் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். மருந்து தெளிக்கும் நாள் எது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வலையோடும் கண்ணியோடும் யாரையாவது பார்த்தால் நீங்களாகச் சண்டைக்குப் போக வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் குறித்து, பூங்கா ஊழியரிடமோ பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறை அலுவலகத்திலோ சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 அவர்களுக்கு நடவடிக்கை எடுக்க அதிகாரம் தருகிறது. கூண்டுப் பறவை வியாபாரம் நம் பக்கம் இன்னும் ஓயவில்லை. அதனால் எளிதில் பிடிபடும் பறவையின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போட வேண்டாம்.

12. பதிவு செய்து, மறுநாளும் போங்கள்

வீட்டுக்கு வந்ததும் அன்று பார்த்த எல்லாப் பறவைகளையும், பறவை பார்ப்பவர்கள் பதிவு செய்யும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். கொண்டைக்குருவி எத்தனை என்பதையும் சேர்த்துத்தான். அரியதை மட்டும் ஏற்றினால், அது எத்தனை பறவைகளுக்கு நடுவே வந்தது என்பது யாருக்கும் தெரியாது. அரியது என்று தளம் விளக்கம் கேட்டால், குரல் பதிவில் சொன்னதை அப்படியே எழுதுங்கள். பரிசோதிப்பவர் உங்கள் பதிவைத் திருப்பி அனுப்பினால் வருந்த வேண்டாம், படத்தை அனுப்பி எந்த அடையாளம் போதவில்லை என்று கேளுங்கள். எனக்கு ஈப்பிடிப்பான்களைப் பிரித்தறியக் கற்றுத் தந்தது அப்படிக் கேட்டு வந்த பதில்கள்தான்.

மறுநாள் விடியலிலும் அதே இடத்துக்குப் போய் உட்காருங்கள், முந்தின மாலை மழை பெய்திருந்தால் கட்டாயமாக. பறவை இருந்தால் முதல் நாள் மறைந்திருந்த வாலையும் மார்பையும் பார்த்து முடிக்கலாம். இல்லை என்றால் 'இன்று இல்லை' என்று தேதி போட்டு எழுதுங்கள். எத்தனை நாள் தங்கியது என்பதற்கு அந்த வரிதான் ஆதாரம்.